பழச் சால்சா: அடுப்பேறாத உணவு கேட்கும் தூய்மை

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் வாக்கு. உலகின் மறுகோடியிலுள்ள மெக்சிக்கோ நாட்டு மக்கள் நாள்தோறும் தம் உணவோடு சேர்த்துக்கொள்ளும் தொடுகறி ஒன்றின் பெயருக்கும் இதே உப்புத்தான் அடிப்படை. "சால்சா" என்னும் சொல் ஸ்பானிய மொழியில் தொட்டுக்கொள்ளும் சாறு, துவையல் ஆகிய அனைத்திற்கும் பொதுப்பெயர். 'உப்பிடப்பட்டது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அது பிறந்தது.

சால்சாவில் பலவகை உண்டு. தக்காளியையும் மிளகாயையும் சுட்டு அரைப்பது ஒருவகை. பச்சையாகவே பொடிப்பொடியாக நறுக்கிக் கலப்பது மற்றொருவகை. இந்த இரண்டாம் வகையில் மாம்பழம், அன்னாசி போன்ற கனிகளைச் சேர்த்தால் கிடைப்பதே பழச் சால்சா. இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு ஆகிய நான்கு சுவைகளும் ஒரே கரண்டியில் நாவில் வந்து சேரும் இதற்கு எண்ணெய் வேண்டா; அடுப்பு வேண்டா; அரைமணி நேரத்திற்குமேல் உழைப்பும் வேண்டா. எனினும், அடுப்பு வேண்டாத இந்த எளிமையிலேயே ஒரு பெரும் பொறுப்பும் அடங்கியுள்ளது. சமைத்த உணவில் நெருப்பு செய்யும் காவற்பணியை, இவ்வுணவில் நம் கைகளின் தூய்மையே செய்யவேண்டும். இதன் வரலாற்றையும் செய்முறையையும் கூறுவதோடு, இந்த உண்மையையும் குடும்பத்தார் மனத்தில் பதியவைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துறவி ஒருவர் எழுதிவைத்த சந்தைக் காட்சி

ஸ்பானியர் வருவதற்கு முன்பே மெக்சிக்கோவின் பழங்குடி மக்கள் மிளகாயும் தக்காளியும் பயிரிட்டு உண்டுவந்தனர். நாவாத்தில் என்னும் அவர்களது மொழியில் 'சில்லி' என்பது மிளகாய். 'தொமாத்தில்' என்பது தக்காளி இனக் காய்களின் பெயர். 'மொல்லி' என்பது துவையல் அல்லது சாறு. எரிமலைக் கல்லைக் குடைந்து, மூன்று கால்கள் வைத்துச் செய்த கல்வத்தில் இவற்றை இட்டு, கற்குழவியால் நசுக்கி அரைத்தனர். மொல்காஹெத்தே எனப்படும் அக்கல்வம் இன்றும் அந்நாட்டு அடுக்களைகளில் உள்ளது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கண்ட நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

இச்செய்திகளை நாம் அறிவதற்குப் பெருந்துணையாக இருப்பவர் பெர்னார்தினோ தெ சகாகுன் என்னும் பிரான்சிஸ்கு சபைத் துறவி. 1529ஆம் ஆண்டு மெக்சிக்கோ சென்ற அவர், 1590இல் இறக்கும்வரை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தார். அம்மக்களின் மொழியைக் கற்று, அவர்களுள் முதியோரை வினவி, அவர்களது வாழ்க்கை முறைகளைப் பன்னிரண்டு பகுதிகள் கொண்ட பெருநூலாகத் தொகுத்தார். நாவாத்தில் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் எழுதப்பட்ட அதன் கையெழுத்துப்படி இத்தாலியின் பிளாரன்சு நகர நூலகத்தில் இருப்பதால், அது பிளாரன்சு ஏடு என்றே வழங்குகிறது.

அந்நூலின் பத்தாம் பகுதியில் சந்தை வணிகர்கள் ஒவ்வொருவராக நம் கண்முன் வந்து நிற்கின்றனர். மிளகாய் விற்போர், தக்காளி விற்போர், காரச் சாறுகளை ஆக்கி விற்போர் எனப் பலரையும் அவர் விவரிக்கிறார். ஒவ்வொரு தொழிலிலும் நல்ல வணிகர் யார், தீய வணிகர் யார் என்றும் கூறுகிறார். நல்ல தக்காளி வணிகர் பலவகைத் தக்காளிகளைத் தரம் பார்த்து வைத்திருப்பாராம். தீய வணிகரோ அழுகியதையும் அடிபட்டதையும், உண்டவருக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்குவதையும் விற்பாராம். நுண்ணுயிரிகளைப்பற்றி எவரும் அறியாத பதினாறாம் நூற்றாண்டிலேயே, அடிபட்ட காய்க்கும் வயிற்று நோய்க்கும் உள்ள தொடர்பு சந்தைக்குச் சென்ற மக்களுக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கே நாம் கவனிக்கவேண்டும்.

ஒரே கிண்ணத்தில் இரு உலகங்கள்

இன்று நாம் செய்யும் மாம்பழச் சால்சாவிலுள்ள பொருள்கள் யாவும் ஒரே நாட்டில் தோன்றியவை அல்ல. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திற்கு உரியவை. வெங்காயத்தையும் கொத்தமல்லியையும் எலுமிச்சையையும் அங்குக் கொண்டுசென்றவர் ஸ்பானியர். மாம்பழமோ நம் நாட்டை உள்ளிட்ட தெற்காசியப் பகுதியின் கனி. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்சு தீவுகளின் மணிலா நகருக்கும் மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்திற்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் பசிபிக் பெருங்கடலைக் கடந்து சென்றுவந்தன. அவ்வழியே அங்குச் சென்ற மாம்பழ வகை இன்றும் மெக்சிக்கோவில் 'மணிலா மாம்பழம்' என்றே அழைக்கப்படுகிறது.

பழம் மட்டுமா சென்றது? அதன் பெயரும் நம்மிடமிருந்தே சென்றது. தமிழின் 'மாங்காய்', மலையாளத்தின் 'மாங்ங' என்னும் சொற்களைக் கேட்ட போர்த்துக்கீசியர் அதனை 'மாங்கா' என்றனர். ஸ்பானியரும் ஆங்கிலேயரும் 'மாங்கோ' என்றனர். இதற்கு ஈடாக அங்கிருந்து மிளகாய் இங்கு வந்தது. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதனை இந்தியாவிற்குக் கொண்டுவருமுன், நம் நாட்டு உணவுக்குக் காரம் கொடுத்தது மிளகே. புதிதாக வந்த காய்க்கு அந்த மிளகின் பெயரையே ஒட்டி 'மிளகாய்' எனப் பெயரிட்டனர் நம் மக்கள். ஆக, மாம்பழச் சால்சா நமக்கு முற்றிலும் புதிய உணவன்று. இருபுறமும் பயணம் செய்த பொருள்கள் ஒரே கிண்ணத்தில் சந்தித்துக்கொள்ளும் உணவு எனலாம்.

பழத்தில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவி உண்ணும் வழக்கம் நம்மைப் போன்றே மெக்சிக்கோ மக்களுக்கும் உண்டு. அந்நாட்டுத் தெருக்களில் மாம்பழத்தையும் அன்னாசியையும் வெள்ளரிக்காயையும் கீற்றுகளாக அரிந்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பர். இத்தகைய உணவு மரபுகளைக் கருத்திற்கொண்டு, 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மெக்சிக்கோவின் மரபுவழிச் சமையலை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

செய்யும் முறை

நான்கு பேர் கொண்ட குடும்பத்திற்கு வேண்டிய பொருள்கள் இவை: நடுத்தர அளவுள்ள மாம்பழம் 2, சிறிய வெங்காயம் 1, பச்சைமிளகாய் 1, பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தழை 3 மேசைக்கரண்டி, எலுமிச்சம்பழம் 1, உப்பு கால் தேக்கரண்டி. விரும்பினால் தக்காளி ஒன்றையோ பிஞ்சு வெள்ளரிக்காய் ஒன்றையோ சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் பழத்தைத் தேர்ந்தெடுப்போம். மணம் வீசவேண்டும், ஆனால் விரலால் அழுத்தினால் சிறிதே நெகிழவேண்டும். குழைந்த பழம் சாறு பிழிவதற்கு ஏற்றது; சால்சாவிற்கு ஏற்றதன்று. நார் மிகுந்த பழங்களையும் தவிர்க்கலாம். நன்கு கழுவித் துடைத்த பழத்தின் தோலைச் சீவி, கொட்டையின் இருபுறமும் கதுப்புகளை அரிந்தெடுத்து, மொச்சைப் பயறு அளவுள்ள துண்டுகளாக நறுக்குக. எல்லாத் துண்டுகளும் ஏறத்தாழ ஒரே அளவினவாக இருந்தால்தான் ஒவ்வொரு கரண்டியிலும் எல்லாச் சுவையும் கிடைக்கும்.

வெங்காயத்தை மிகப் பொடியாக நறுக்கி, காய்ச்சி ஆறிய குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடித்துவிடுக. அதன் கடுமை நீங்கிவிடும். இல்லையேல் வெங்காய நெடி பழத்தின் மணத்தை மறைத்துவிடும். தக்காளி சேர்ப்பதாயின் விதையையும் அதைச் சூழ்ந்த நீர்ப்பகுதியையும் நீக்கிவிட்டுச் சதையை மட்டும் சேர்க்கவேண்டும்.

மிளகாயின் காரம் பெரும்பாலும் அதன் விதைகளில் இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறத் தசையிலேயே காரப்பொருள் மிகுந்துள்ளது. குழந்தைகளும் முதியோரும் உண்ணும் இல்லங்களில் மிளகாயை நீளவாக்கில் பிளந்து, அப்பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு நறுக்குவது நலம். அக்காரப்பொருள் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். எனவே மிளகாய் நறுக்குமுன் விரல்களில் சிறிது எண்ணெய் தடவிக்கொள்க. நறுக்கியபின் சோப்பிட்டுக் கழுவுக. அதுவரை கண்ணருகே கையைக் கொண்டுசெல்லாதீர். காரம் மிகுந்து நாக்கு எரிந்தால், தண்ணீரைவிடத் தயிரோ பாலோ விரைவில் ஆறுதல் தரும்.

நறுக்கியவற்றையெல்லாம் கண்ணாடிப் பாத்திரத்திலோ பீங்கான் பாத்திரத்திலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ இட்டு, எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து மெதுவாகக் கிளறுக. புளிப்புள்ள பண்டத்தை அலுமினியப் பாத்திரத்திலும் ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்திலும் வைத்தல் கூடாது. உப்பைக் கடைசியில் சேர்க்கவேண்டும். உப்புப் பட்டவுடன் பழத்துண்டுகளிலிருந்து நீர் வெளியேறத் தொடங்கும். முன்னதாகவே உப்பிட்டு வைத்தால், உண்ணும் வேளையில் துண்டுகள் துவண்டு, கிண்ணத்தின் அடியில் நீர் தேங்கி நிற்கும். உப்பிட்டபின் பதினைந்து நிமிடம் குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் சுவைகள் ஒன்றோடொன்று கூடி இசைந்துவிடும்.

மாம்பழம் கிடைக்காத மாதங்களில் அன்னாசியைக் கொண்டு இதே முறையில் செய்யலாம். அன்னாசித் துண்டுகள் நாக்கை அரிப்பதற்குக் காரணம், புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று அதில் இருப்பதுதான். வளையங்களாக அரிந்து, காய்ந்த தோசைக்கல்லில் இருபுறமும் நன்றாகச் சுட்டு ஆறவைத்து நறுக்கினால் அரிப்புக் குறையும், இனிப்பும் மிகும். பப்பாளி, கொய்யா, தர்ப்பூசணி ஆகியவையும் ஏற்றவையே. தர்ப்பூசணியில் நீர் மிகுதியாதலால் உண்ணும் நேரத்தில்தான் உப்பிடவேண்டும். அன்னாசி போன்று இயற்கையாகவே புளிப்புள்ள பழங்களுக்கு எலுமிச்சைச் சாற்றைக் குறைத்துக்கொள்ளலாம். பப்பாளி போன்ற புளிப்பற்ற பழங்களுக்குச் சற்றுக் கூட்டவேண்டும்.

மெக்சிக்கோவில் இதனைச் சுட்ட மீனோடும் இறைச்சியோடும், சோள மாவு அப்பங்களோடும் உண்பர். நம் இல்லங்களில் வறுத்த மீனுக்கும் சப்பாத்திக்கும் சுட்ட அப்பளத்திற்கும் இது நன்கு பொருந்தும். நீரிழிவு உடையோர், இது துவையல் எனப்பட்டாலும் பழமே என்பதை நினைவில் வைத்து அளவோடு உண்க.

படிப்பினை தந்த 2008ஆம் ஆண்டு

இனி, தொடக்கத்தில் குறிப்பிட்ட பொறுப்பைப்பற்றிக் காண்போம். 2008ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் சால்மொனெல்லா என்னும் நுண்ணுயிரியால் வயிற்று நோய் பரவியது. 43 மாநிலங்களில் 1,400க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர் என உறுதி செய்யப்பட்டது. 280க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். முதலில் பச்சைத் தக்காளித் துண்டுகள்மீதே ஐயம் எழுந்தது. தக்காளி உண்ணவேண்டாம் என்ற எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஆனால் ஆய்வு தொடர்ந்தபோது, சால்சா போன்ற உணவுகளில் பச்சையாகச் சேர்க்கப்பட்ட மிளகாய்களே பெருங்காரணம் என்பது வெளிப்பட்டது. மெக்சிக்கோவின் பண்ணை ஒன்றில், மிளகாயில் மட்டுமன்றிப் பாசன நீரிலும் அதே நுண்ணுயிரி காணப்பட்டது.

இது தனித்த ஒரு நிகழ்ச்சி அன்று. 1998 முதல் 2008 வரை அந்நாட்டு உணவகங்களில் நேர்ந்து, எந்த உணவால் விளைந்தவை என்று கண்டறியப்பட்ட நோய்ப்பரவல்களுள், ஏறத்தாழ 25இல் ஒன்றுக்குச் சால்சாவோ அதையொத்த குவாக்கமோலி என்னும் வெண்ணெய்ப்பழத் துவையலோ காரணமாயிற்று என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2010இல் அறிவித்தது. அத்தகைய நிகழ்ச்சிகளுள் 30 விழுக்காட்டில் உணவைத் தகாத வெப்பநிலையிலோ அளவுக்கு மிஞ்சிய நேரமோ வைத்திருந்தது தெரியவந்தது. 20 விழுக்காட்டில் உணவைக் கையாண்ட பணியாளரே நோய்க்கிருமிகளின் ஊற்றாக இருந்தனர்.

இதைப் படித்து அஞ்சி, பழத்தையே வெறுத்துவிடவேண்டிய தேவையில்லை. நோய் எவ்வழியாக வருகிறது என்பதை இவ்வாய்வுகளே நமக்குக் காட்டிவிட்டன: கழுவாத கை, தூய்மையற்ற நீர், அளவுக்கு மிஞ்சிய காத்திருப்பு. இம்மூன்று வாயில்களையும் அடைப்பது நம் கையில்தானே உள்ளது?

சமையலைத் தொடங்குமுன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுக. மாம்பழத்தின் தோலைத்தான் எறிந்துவிடப்போகிறோமே, அதை ஏன் கழுவவேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. தோலில் ஒட்டியுள்ள அழுக்கைக் கத்தியே சதைக்குள் கொண்டுசென்றுவிடும். ஆதலால் தோல் நீக்கும் பழத்தையும் ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். கொத்தமல்லித் தழையைக் கட்டோடு அலசாமல், கட்டைப் பிரித்து, அழுகிய இலைகளைக் களைந்து, இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசி, இறுதியாகக் காய்ச்சி ஆறிய நீரில் முக்கியெடுக்கவேண்டும். மீனோ இறைச்சியோ அரிந்த அரிவாள்மனையிலும் பலகையிலும், அவற்றைச் சோப்பிட்டுக் கழுவாமல் பழத்தை நறுக்குதல் கூடவே கூடாது. வயிற்றுப்போக்கு உடையவர் அன்றைய நாளில் இவ்வேலையை மற்றவரிடம் விட்டுவிடவேண்டும்.

செய்த சால்சாவை வெளியே இரண்டு மணி நேரத்திற்குமேல் வைத்தலாகாது. வெயில் 32 பாகை செல்சியசைக் கடந்த நாள்களில் ஒரு மணி நேரமே எல்லை. நம் நாட்டுக் கோடையில் மாம்பழம் கிடைக்கும் நாள்களெல்லாம் அத்தகைய நாள்களே என்பதை மறவாதீர். குளிர்ப்பெட்டி இல்லாத இல்லத்தார், உண்ண அமர்வதற்குச் சற்றுமுன் செய்து, அந்த வேளையிலேயே தீர்த்துவிடுவதே முறை. குளிர்ப்பெட்டி உள்ளவரும் மறுநாளுக்குமேல் வைத்திருத்தல் வேண்டா. கருவுற்ற தாய்மார், கைக்குழந்தைகள், முதியோர், நோயுற்றோர் ஆகியோருக்கு இத்தகைய நோய் எளிதில் கடுமையாகிவிடும். அவர்களுக்குப் பரிமாறுவதாயின், அப்போதே செய்த சால்சாவை மட்டும் பரிமாறுக.

சால்சா ஊறுகாய் அன்று

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பழம் மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் மிகுதியாகச் செய்து, புட்டிகளில் அடைத்து வைத்துக்கொள்ளலாமே என்னும் எண்ணம் சிக்கனமுள்ள இல்லத்தரசியருக்குத் தோன்றுவது இயல்பே. ஊறுகாயில் உப்பும் புளிப்பும் மிகுதி. அவையே அதனைக் கெடாமல் காக்கின்றன. சால்சாவிலுள்ள கால் தேக்கரண்டி உப்பும் ஒரு பழத்தின் எலுமிச்சைச் சாறும் சுவைக்குப் போதுமானவை. காவலுக்குப் போதுமானவை அல்ல. காற்றுப் புகாத புட்டியில், புளிப்புக் குறைந்த உணவில் வளரும் கிளாசுட்ரிடியம் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிரி நரம்புகளைத் தாக்கும் கொடிய நஞ்சை உண்டாக்கும். மணத்தாலோ நிறத்தாலோ அதனைக் கண்டுகொள்ள முடியாமலும் போகலாம்.

கடைகளில் புட்டிச் சால்சா கிடைக்கிறதே என்று கேட்கலாம். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரில் 1947ஆம் ஆண்டிலேயே அவ்வணிகம் தொடங்கிவிட்டது. ஆனால் தொழிற்சாலைகளில் புளிப்பின் அளவைக் கருவிகொண்டு அளந்து, சூடேற்றியே புட்டியில் அடைக்கின்றனர். அத்தகைய அளவையும் கருவியும் வீட்டு அடுக்களையில் இல்லை. மேலும், சூடேறிய பழத்தில் புதிய பழத்தின் சுவையும் இராது. பழம் மிகுதியாகக் கிடைத்தால் அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்க. அல்லது நாம் நன்கறிந்த ஊறுகாயாகவும் வற்றலாகவும் செய்துவைக்க. சால்சாவை மட்டும் அன்றன்று வேண்டிய அளவே செய்க.

அன்பு வாசகர்களே, இவ்வுணவைத் தாய் ஒருவரே தனித்துச் செய்யவேண்டும் என்பதில்லை. அடுப்பின் அனல் இல்லாததால் பிள்ளைகளும் இதில் பங்குகொள்ளலாம். சிறியவர் தழையை ஆய்ந்து கழுவட்டும். பெரியவர் பழத்தை நறுக்கட்டும். தந்தையார் எலுமிச்சை பிழியட்டும். கைகழுவிவிட்டு வந்தால்தான் பழத்தைத் தொடலாம் என்னும் விதியை அன்று கற்றுக்கொள்ளும் பிள்ளை, பின்னாளில் தன் இல்லத்திலும் அதனைக் கைக்கொள்ளும். வருகிற ஞாயிறன்று, பகலுணவுக்கு அரைமணி நேரம் முன்னதாக அனைவரும் கைகளைக் கழுவிக்கொண்டு அமருங்கள். இரண்டு மாம்பழங்களோடு தொடங்குங்கள்.